ஜன்னலுக்கு வைத்த கட்டை

சாப்பாட்டுக்காகத்தான் நான் ஐயப்ப மாலை போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நாக்பூரில் ஒரு கல்யாண சமையல் குழுவில் பாத்திரம் தேய்க்கும் வேலை முடிந்துவிட்டது. தெற்கே வரும் ரயிலில் ஏறியவன் செகந்திராபாத்தில் இறங்கிவிட்டேன். ஊர் வரைக்கும் போவதற்கு எனக்கு அங்கே யாரும் இல்லை. கார்த்திகை மாதம் அது. ஹைதராபாத்தில் அந்த மாதம் எந்தத் தெருவில் பார்த்தாலும் கறுப்பு வேட்டிதான். மாலை போட்டவர்களுக்குக் கோயில்களிலும் பந்தல்களிலும் மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு உண்டு, சாயங்காலம் பலகாரம் உண்டு, படுக்கப் பாய் உண்டு. ஒரு மண்டலத்துக்கு வயிற்றைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு பஜனை மண்டபம் இருந்தது. அங்கே இருந்த குருசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து வந்தவராம். இவருடைய தமிழில் பாதி உருதும் தெலுங்கும் கலந்திருக்கும். எனக்கு மாலை போட்டுவிட்டு விரதத்தின் விதிகளைச் சொன்னார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, காலில் செருப்பு கூடாது, பொய் கூடாது, கோபம் கூடாது. மாலை போட்ட எல்லோரும் சாமி. மூன்று வயசுக் குழந்தையாக இருந்தாலும் சாமி. ஒரு சாமி உன் காலில் விழுந்தால் நீயும் அவர் காலில் விழ வேண்டும். உள்ளே இருக்கும் தெய்வம் ஒன்றுதான் என்பதால் யாரும் மேல், யாரும் கீழ் கிடையாதாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கும் வேலை கொடுத்தார்கள். அங்கே சமைத்த சாமி என்னை இரண்டாம் நாளே கண்டுகொண்டார்.

“கன்னிச்சாமிக்கு பக்தி முழுக்க சாம்பார்லதான் கீது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

என் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மீதி இருப்பவற்றால் வெண்டைக்காயைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நுணுக்கமான வேலை வராது. அந்த இரண்டு விரலும் போனது இதே ஊரில், பாலாநகரில்.

அப்போது எனக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஓசூர், பெங்களூரு என்று சுற்றி இங்கே வந்திருந்தேன். தகடு அடிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. என்னைச் சேர்த்துவிட்டவர் அங்கே சூப்பர்வைசர். ஆரணிக்காரர், நான் செய்யாறு பக்கம். முதல் நாள் என் பேச்சைக் கேட்டதுமே எந்த ஊர் என்று விசாரித்தார். அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் டிபன் டப்பாவில் இருந்து எனக்குப் புளிச்சோறு எடுத்துக் கொடுத்த நாட்கள் உண்டு.

அந்தப் பட்டறையின் பவர் பிரஸ்ஸில் இரண்டு பச்சை பட்டன்கள் இருக்கும், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை போகாது அல்லவா, அதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அழுத்த வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். ஆர்டர் நெருக்கிய ஒரு வாரத்தில் அவர் பேக்கிங் பெட்டியின் மரத்தை ஒரு விரல் நீளத்துக்குச் சீவி, ஒரு முனையைத் தட்டையாக்கி என்னிடம் கொடுத்தார். இடது பட்டனை அமுக்கி, அதன் சந்தில் இந்தக் கட்டையைச் சொருகிவிட்டால் பட்டன் அமுங்கியே இருக்கும். ஒரு கையால் தகட்டைத் தள்ளி, இன்னொரு கையால் அழுத்திக்கொண்டே போகலாம். “ஜல்தி ஆவும் தம்பி. பாத்து செய்” என்றார்.

பார்த்துத்தான் செய்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ விரல் போயிற்று.

அடுத்து நடந்தது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. நான் கத்தினேனா என்பது ஞாபகம் இல்லை. அவர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் என் கையைப் பார்க்கவில்லை, மோட்டாரையும் அணைக்கவில்லை. பட்டனில் இருந்த கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சுவிட்சை அணைத்தார், எண்ணெய் துடைக்கும் பஞ்சை வாரி என் கையில் சுற்றினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை என் கையைத் தன் கையால் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். மயக்கம் வந்து நான் அவர் நெஞ்சில் சாய்ந்தேன். பைக்குள் இருந்த கட்டை என் கன்னத்தில் குத்தியது.

முதலாளியிடம் அவர் சொன்ன கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் ஒரு பட்டனை முழங்கையால் அழுத்திக்கொண்டு விளையாட்டாக வேலை செய்தேனாம். பலமுறை கண்டித்தும் கேட்கவில்லையாம். அதோடு என் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டொரு தடவை சோறு கொண்டுவந்தார். பிறகு வரவில்லை. நான் புனே, சூரத் என்று கிளம்பிவிட்டேன்.

விரல் போனதற்காக எனக்கு அவர் மேல் பெரிய கோபம் இல்லை. பிரஸ்ஸில் விரல் போனவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அந்தக் கட்டையை முதலில் எடுத்தார் பாருங்கள், அதுதான். ஆரம்ப வருஷங்களில் அவர் கையையும் ஒரு கதவிடுக்கில் வைத்து அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்குவேன். நன்றாகத் தூக்கம் வரும். போகப்போக ஆசை சிறிதாகிவிட்டது. நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவு போதும். செகந்திராபாத்தில் அன்று நான் ஏன் இறங்கினேன் என்று கேட்டால் அதற்காகவா, பசிக்காகவா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மாலை போட்டு மூன்றாவது வாரத்தில் குருசாமி எங்களைப் பாலாநகரில் ஒரு வீட்டுப் படிபூஜைக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டுக்காரரும் மாலை போட்டவர். சாயங்காலம் பஸ்ஸில் போனோம். வாசலில் நாற்காலி போட்டு எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு சாமியின் காலாகக் கழுவிச் சந்தனம் வைத்து வந்தார். அவர் மகன், வேலைக்குப் போகும் வயசுப் பையன், சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். என் முறை வருவதற்கு இரண்டு ஆள் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. குனிந்து வேலை செய்யும் அந்த முதுகு அவருடையதுதான்.

என் காலைக் கழுவினார். விரலிடுக்கில்கூடத் தேய்த்துக் கழுவினார். துடைத்தார், சந்தனம் வைத்தார், பிறகு நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். இத்தனை வருஷம் நான் நினைத்ததைவிடப் பெரிதாகவே நடந்துவிட்டது. ஆனால் என் காலிலா விழுந்தார்? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பத்து சாமிகளின் காலிலும் அப்படித்தான் விழுந்தார். எனக்கு அடுத்து இருந்த சாமி என் இடுப்பில் இடித்து, “விழுங்க சாமி” என்றார். விதி அப்படி. நாற்காலியை விட்டு இறங்கி நானும் அவர் காலில் விழுந்தேன். ஈரத்தரையில் என் நெற்றி பட்டது. எழுந்தபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குத் தாடி, நெற்றி நிறைய விபூதி. அவர் அடுத்த சாமியிடம் நகர்ந்துவிட்டார்.

பூஜை முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களைப் பொறுக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது வழக்கம். அவரும் சொன்னார். நானும் சொன்னேன். அவர் தெரிந்தே செய்த குற்றம் ஒன்று எனக்கும் தெரியும். அதைப் பொறுக்க வேண்டியவர் பீடத்தில் விளக்குக்குப் பின்னால் படமாக இருந்தார். விரல் போனவன் கூட்டத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாப்பாட்டில் அவரே பரிமாறினார். என் இலையில் அப்பளம் வைக்கும்போது என் இடது கையைப் பார்த்தார்.

“கை என்னாச்சு சாமி?”

பொய் சொல்லக் கூடாது. கோபமும் கூடாது. “பிரஸ்ல போச்சு சாமி.”

“எந்த ஊர்ல?”

“இங்கதான். பாலாநகர்ல.”

கொஞ்ச நேரம் அப்பளக் கூடையோடு நின்றார். இன்னொரு அப்பளம் வைத்தார். “பாத்து சாப்பிடுங்க சாமி” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

மண்டபத்துக்குத் திரும்பிய பிறகு அந்த இரண்டாவது அப்பளம்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடையாளம் தெரிந்துதான் வைத்தாரா? தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பார்? தெரியாதவர் ஏன் நின்றார்? மறுநாள் குருசாமியிடம், யார் என்று சொல்லாமல், ஒருவன் மேல் பழைய கோபம் இருந்தால் மாலை போட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“மாலை இருக்கற வரைக்கும் கோபம் நக்கோ சாமி” என்றார்.

“கழட்டின பிறகு?”

“அதுக்கப்புறம் நீ வேற ஆளு, அவன் வேற ஆளு. அடிச்சுக்கோ, கட்டிப்பிடிச்சுக்கோ. கைக்கு என்னைக் கேக்கறே?” என்று சிரித்தார். அவருடைய உருதில் நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன். கொஞ்சம் யோசித்து, “ஆனா ஒண்ணு. ஒரு மண்டலம் கோபப்படாம இருந்துட்டா, அப்புறம் கோபத்தை எங்க வெச்சோம்னே ஞாபகம் வராது. எனக்கு என் தம்பியோட அப்படித்தான் ஆச்சு” என்றார்.

எனக்கு அது பயமாக இருந்தது. இத்தனை வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என் கதையில் என்ன மிச்சம்? சோற்றுக்காகப் போட்ட மாலை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நடுவில் கழற்றவும் துணிச்சல் இல்லை. பக்தி இல்லாதவனுக்கும் அந்தப் பயம் மட்டும் இருக்கிறது.

மலைக்குக் கிளம்பும் நாளில் இருமுடி கட்ட அவர் எங்கள் மண்டபத்துக்கே வந்தார். எங்கள் குழுவோடுதான் மலைக்கு வருகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சாமியும் தேங்காயின் கண்ணைத் திறந்து, உள்ளே நெய் நிரப்பி, துளையைத் தக்கையால் அடைக்க வேண்டும். எனக்குத் தேங்காயை ஆடாமல் பிடிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். கேட்காமலே என் தேங்காயை வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் நெய் ஊற்றினேன். நிரம்பியதும் அவர் ஒரு தக்கையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சொருகினார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டேன்.

“அந்தக் கட்ட எங்க சாமி?”

அவர் தேங்காயைத் துடைத்து என் மடியில் வைத்தார். எந்தக் கட்டை என்று கேட்கவில்லை.

“வூட்லதான் இருக்குது சாமி. மாலை கழட்டினதும் வாங்க.”

அவ்வளவுதான். ரயிலில் அவர் வேறு வரிசையில் இருந்தார். மலை ஏற்றத்தில் ஓரிடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. வழுக்கும் கல்லில் நின்று கையை நீட்டினார். என் வலது கை தலையில் இருந்த இருமுடியைப் பிடித்திருந்தது. இடது கையைத்தான் கொடுக்க முடிந்தது. மீதி விரல்களை இறுக்கிப் பிடித்து ஏறினார். அந்த இடத்தில் விட்டிருந்தால் அவர் நன்றாகவே விழுந்திருப்பார். நான் விடவில்லை. மாலை போட்டிருந்ததாலா, பின்னால் கூட்டம் நெருக்கியதாலா, தெரியாது.

திரும்பி வந்து குருசாமி மாலையைக் கழற்றினார். கழுத்து காலியாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரமும் என் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான். இத்தனை வருஷமாக அந்தக் கட்டையை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். குற்றம் அவரை அரித்திருக்க வேண்டும். அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார் போலிருக்கிறது. என் கையை நான் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்திருப்பார். அப்படியானால் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. மன்னித்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்றும் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மகன் கூடத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தான். அவர் பேன்ட் சட்டையில் இருந்தார். மாலை இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் அவர்தான் “வா தம்பி” என்றார். பழைய தம்பி. அது வந்ததும் எனக்கும் பழைய அண்ணா வந்துவிட்டது.

“அந்தக் கட்ட அண்ணா.”

அவர் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா நேராக அறைக்குப் போய், திறந்திருந்த ஜன்னல் கதவின் அடியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தார். “இதுவா? ஜன்னல் அடிச்சுக்கும்னு வெச்சிருக்கறது” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அறையில் ஜன்னல் கதவு டமாரென்று அடித்துக்கொண்டது.

அதே கட்டைதான். தட்டையான முனையைக் கண்டதும் தெரிந்துவிட்டது. மறு முனையில் ஜன்னலின் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. நான் ஊர் ஊராகச் சுமந்தது இந்த வீட்டில் ஜன்னலுக்குப் பயன்பட்டிருக்கிறது. தூக்கிப் போட மனசு வராமல் வைத்தாரா, ஒரு கட்டைக்கு ஒரு வேலை என்று வைத்தாரா? அவரைக் கேட்டேன்.

“தூக்கிப் போடலாம்னு வெளிய எடுத்துட்டுப் போவேன். திரும்ப எடுத்துட்டு வந்துடுவேன்” என்றார். “ஏன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் காத்துல ஜன்னல் அடிச்சுகிச்சு. கையில இருந்தது, வெச்சேன்.”

பிறகு நான் கேட்காமலே சொன்னார். மனைவி பக்கத்தில் நிற்க, மகன் உட்கார்ந்திருக்க, எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் மாதிரி சொன்னார். “இத சொருகச் சொன்னது நான். அன்னிக்கு உருவினதும் நான். முழங்கைன்னு சொன்னது பொய்.”

நான் ஆசைப்பட்டது இதுதான். நாலு பேர் முன்னால், அவர் வாயால். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். மகன் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினான். அவனுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் ஏதோ எட்டியிருக்கிறது. தெலுங்கில், யார் இவர், எதைப் பொய் என்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை என்று சொல்ல முடியாது. நீ சொன்னால் சரி என்பதுபோல இருந்தது. என் தெலுங்கு நன்றாகவே இருக்கும். இரண்டு வாக்கியத்தில் அந்தப் பையனுக்குப் புரியவைத்திருக்கலாம். அவன் முகத்தில் அது விழுவதை அவர் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

“ஒகே சோட்ட பனி சேசாமு பாபூ” என்றேன். ஒரே இடத்தில் வேலை செய்தோம், அவ்வளவுதான் என்று.

பையன் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினான். ஜன்னல் மறுபடி அடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தம் பொறுக்காமல் நான்தான் அறைக்குப் போய், கதவை நிறுத்தி, அடியில் அந்தக் கட்டையைச் சொருகினேன். இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சொருக வேண்டியிருந்தது. அந்த அம்மா காபி கொடுத்தார், குடித்தேன். வாசல் வரை வந்த அண்ணா எதையோ சொல்ல வந்து, எங்கே தங்கியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் கோபம் வந்தது பாருங்கள், ஒரு மண்டலக் கோபம் மொத்தமாக வந்தது. திரும்பிப் போய் அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நின்றேன். அந்தக் கட்டையையாவது கொண்டுவந்திருக்கலாம். இரண்டு பஸ் போயிற்று. மூன்றாவதில் ஏறிவிட்டேன். இதற்குப் பெயர் மன்னிப்பு என்றால் மன்னித்தவனுக்கு ஏன் இப்படி எரிகிறது? பழி என்றால், நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே. அந்தப் பையனுக்காக விட்டேனா, அந்த அம்மாவின் பார்வைக்காகவா, புளிச்சோற்றுக்காகவா?

இப்போது போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் இருக்கிறேன். இந்த ஊரில் இவ்வளவு நாள் தங்குவேன் என்று நினைக்கவில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த ஜன்னல் ஞாபகம் வருகிறது. கட்டை இன்னும் அங்கே இருக்கிறதா, நான் வந்துபோன பிறகு அவர் தூக்கிப் போட்டுவிட்டாரா, தெரியவில்லை. போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால் எனக்கு நிம்மதியாக இருக்குமா, ஆத்திரம் வருமா? அதுவும் தெரியவில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.